ஏழாம் பத்தி

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது மங்களேஸ்வரி எலுமிச்சைச் சாதத்தின் முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தாள். "இங்கன உக்காந்துக்கிறவாம்மா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிமெண்டு பெஞ்சின் மறு ஓரத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாயழகு. அவள்மேல் வழக்குப் போட்டிருப்பவன். கோப்பில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படத்தில் பார்த்த அதே முகம், அதைவிடக் கன்னம் ஒட்டி, காதோரம் நரைத்து. கவளம் வாய்க்கும் டப்பாவுக்கும் நடுவில் நின்றது. தெரிந்துதான் வந்திருக்கிறான், இப்போது நாலு பேர் கூடும்படி சத்தம் போடப்போகிறான், இந்தக் கோர்ட் வளாகத்துப் புங்கை மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இத்தனை வக்கீல்களும் கட்சிக்காரர்களும் திரும்பப் போகிறார்கள் என்று அவள் முதுகு விறைத்தது. எழுந்து போய்விடலாம். எழுந்தால் தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அவனோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை நீட்டி மடக்கி, "நீங்க பாட்டுக்குச் சாப்புடுங்கம்மா" என்றான். குரலில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுகிற குரல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவனுக்கு என்னைத் தெரியவில்லை. நூற்று எண்பத்தேழு நாள் இவனை உள்ளே வைத்தது என் கையெழுத்து, இவனுக்கு என் முகம் தெரியவில்லை.

எப்படித் தெரியும் என்று உடனே இன்னொரு குரல் கேட்டது, எப்போது பார்த்தான் தெரிவதற்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் செங்கரடு தாலுகாவின் தாசில்தார். தாசில்தார் என்றால் பட்டா, சாதிச் சான்று, ரேஷன் என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும், அதே நாற்காலியில் ஒரு மாஜிஸ்திரேட்டும் உட்கார்ந்திருக்கிறார் என்பது மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டுமே தெரியும். ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று மாயழகு மாதிரிப் பழைய வழக்குக்காரன் எழுதிக் கொடுப்பான், அதற்குள் ஏதாவது தகராறு செய்தான் என்று போலீஸ் அறிக்கை வைத்தால், தாசில்தார் அவனை விசாரித்து மீதி நாளுக்கு ஜெயிலுக்கு அனுப்பலாம். விசாரித்து. அந்தச் சொல்லில் இன்று காலையிலிருந்து நாக்கு இடறிக்கொண்டே இருந்தது. இப்போது அவள் துணை ஆட்சியர், ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருக்கிறது, பெஞ்சின் அந்த ஓரத்தில் அவன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். அந்த இடத்தில் ஒரு கட்டெறும்பு ஊர்ந்து அவன் பக்கம் போனது. அவன் அதை நசுக்காமல் விரலால் சுண்டிவிட்டான்.

"ஒங்களுக்கும் கேசாம்மா?" ஆமாம் என்று தலையாட்டினாள். எந்தக் கோர்ட் என்றான். எட்டாம் நம்பர் என்று சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது. எனக்கும் எட்டுதான் என்று அவன் முகம் மலர்ந்தது, ஏதோ ஒரே ஊர்க்காரர்கள் சந்தித்துக்கொண்ட மாதிரி. காலையில் நீதிபதி, அந்த அதிகாரி வந்திருக்கிறாரா என்று கேட்டபோது அரசு வக்கீல் ஹரிகிருஷ்ணன், வந்திருக்கிறார் என்றார், அவள் பாதி எழுந்து உட்கார்ந்தாள், கறுப்புக் கவுன்களின் கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பாதியும் யாருக்கும் தெரிந்திருக்காது, கடைசிச் சுவரோரம் நின்றவனுக்கு எப்படித் தெரியும். பேச்சு முழுவதும் இங்கிலீஷில். அவன் அதைத்தான் சொன்னான். ஜட்ஜய்யா என்ன சொன்னார் என்று ஒன்றும் விளங்கவில்லை, வக்கீலம்மா நல்லவர், ஆனால் வேறு கோர்ட்டில் வழக்கு என்று ஓடிவிட்டார், இரண்டேகாலுக்குத் தீர்ப்பு என்று மட்டும் சொன்னார். டைல்ஸ் ஒட்டுகிற வேலை, மூத்த மகள் பதினொன்று படித்துக்கொண்டிருந்தாள், தான் உள்ளே போனதும் மில் வேலைக்குப் போனவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை, அவளுக்காவது இங்கிலீஷ் தெரியும், கூட்டிவந்திருந்தால் ஆகியிருக்கும், லீவு கிடைக்கவில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, வழியைச் சொல்கிற மாதிரி சொன்னான். பிறகு பைக்குள் கையைவிட்டு ஒரு கற்றைத் தாளை எடுத்தான். "நீங்க படிச்சவக மாதிரி இருக்கீக. அந்த தாசில்தாரம்மா எழுதிக் குடுத்த பதிலாம் இது. இதுல என்னதான் சொல்லியிருக்காகன்னு சொல்லுங்கம்மா."

கையைக் கழுவிவிட்டு வாங்கினாள். ஏன் வாங்கினாள்? கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்கலாம், அவசரமாகப் போக வேண்டும் என்றிருக்கலாம், ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக யார் தாளை நீட்டினாலும் கை வாங்கிவிடுகிறது. அவள் பெயரில் தாக்கலான பதில் மனு. இங்கிலீஷில் ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவளுடைய கையெழுத்து, மங்களேஸ்வரியின் ம வளைந்து மேலே போய்ச் சுழித்துத் திரும்புகிற, பள்ளிக்கூடத்திலிருந்தே மாறாத கையெழுத்து. அரசு வக்கீல் அலுவலகத்தில் மஞ்சள் காகிதத்துண்டு ஒட்டியிருந்த இடங்களிலெல்லாம் நின்றுகொண்டே போட்டாள், கீழே வண்டி காத்திருந்தது, ஒரு ஆய்வுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. காலையில் ஹரிகிருஷ்ணன், ஏழாம் பத்தியைப் பார்க்க வேண்டுகிறேன் என்றார், நீதிபதி பார்த்தார், தலையசைத்தார், அந்தத் தலையசைப்பில் தனக்கு நல்லது நடக்கிறது என்று மட்டும் புரிந்தது. ஏழாம் பத்தியை இப்போதுதான் படித்தாள். படித்தாள், மறுபடி படித்தாள். எழுத்துகள் ஆடவில்லை, தெளிவாகத்தான் இருந்தன. காலை பதினொன்றரை மணிக்கு மேற்படி மாயழகு என் அறையில் என் முன் ஆஜர்படுத்தப்பட்டார். போலீஸ் அறிக்கையை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கைகூப்பி, தவறு செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று கண்ணீர் விட்டார்.

கண்ணீர். யார் எழுதியது இந்தக் கண்ணீரை. கோப்பில் நேரில் விசாரித்து என்ற இரண்டு சொல்தான் உண்டு, அதுவும் அச்சடித்த படிவத்தில் எல்லோருக்கும் பொதுவாக உள்ள சொல், பெயருக்கும் நாளுக்கும் மட்டும் புள்ளிக்கோடு விட்டிருக்கும். அந்த இரண்டு சொல்லுக்குக் கையும் காலும் முளைத்து, வாய் முளைத்து, அழவும் செய்திருக்கிறது. அடியில் என் ம. "என்னம்மா போட்டிருக்கு?" என்றான். பொய்யாக ஏதாவது சொல்லலாம். சட்டப் பிரிவுகளாக அடுக்கியிருக்கிறது, ஒன்றுமில்லை என்று மடித்துக் கொடுத்துவிடலாம், இன்னும் நாற்பது நிமிடம், பிறகு இவன் யாரோ நான் யாரோ. ஆனால் வாய் தானாகப் படித்தது, ஒவ்வொரு வரியாக, தமிழில், அலுவலகத்தில் மனு படிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல். கைகூப்பி என்ற இடத்தில் அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சிமெண்டு அரித்து நகக்கண்கள் வெளுத்த கைகள். எப்போது அவன் அவர் ஆனார் என்று அவளுக்குத் தெரியவில்லை, கண்ணீர் என்று தன் வாயாலேயே சொன்னபோது ஆகியிருக்க வேண்டும்.

கைகளைத் துணிப்பையின்மேல் வைத்துக்கொண்டார். பிறகு, "நானா? அழுதேனா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, மறந்துபோனதை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அந்தம்மா மொகத்தையே நான் பாத்ததில்லயே. ரெண்டு மணி நேரம் வேனுக்குள்ளயே வச்சிருந்தாக. பெறகு ஏட்டய்யா ஒரு தாளக் கொண்டாந்து, கையெழுத்தாயிருச்சு, கெளம்புன்னாரு." அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். ஜட்ஜய்யா என்ன சொன்னார் என்று அவர் விடாமல் கேட்டார், அவள் சொன்னாள், தன் குரல் எங்கோ அடுத்த பெஞ்சிலிருந்து வருவது போல இருந்தது. போலீஸ் அறிக்கை சொன்ன அந்தப் பஸ் நிலையத்துத் தகராறு வழக்கில் நீங்கள் விடுதலையாகிவிட்டதால், நீங்கள் உள்ளே இருந்தது அநியாயம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. அதிகாரி விசாரித்து, மனதைச் செலுத்தி, நல்லெண்ணத்தில் தப்பாக முடிவெடுத்திருந்தால் சட்டம் அவரைக் காப்பாற்றும். விசாரிக்க வேண்டும் என்று தெரிந்தே விசாரிக்காமல் விட்டிருந்தால் காப்பாற்றாது, அவரே பதில் சொல்ல வேண்டும். விசாரித்தேன் என்கிறார் அதிகாரி. இல்லை என்கிறீர்கள் நீங்கள். "தெரிஞ்சு செஞ்சாகளா தெரியாமச் செஞ்சாகளான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பாக?" ஆவணத்தை வைத்து என்றாள். அவர் தலையை ஆட்டினார். "ஆவணத்தையும் அவுகதான எழுதுறாக" என்றார். பிறகு எழுந்து, டீ வாங்கி வருகிறேன், உங்களுக்கும் சொல்கிறேன், பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கேன்டீன் பக்கம் நடந்தார். பை அவள் பக்கத்தில் இருந்தது. என்னை நம்பிப் பையை விட்டுவிட்டுப் போகிறார் இந்த மனிதர்.

தெரியுமா தெரியாதா. தெரியாது என்று காலை முழுவதும் அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள், அப்போது மாவட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், முன்னால் இருந்த தாசில்தார் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார், போலீஸ் அறிக்கை வரும், கையெழுத்துப் போகும். அன்று கலெக்டர் வருகிற நாள். மேஜை நிறையக் கோப்பு, வாசலில் வாழை கட்டுகிறார்கள், உதவியாளர் பரமசிவம் உள்ளே வருகிறார், ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நீல வேன் நிற்கிறது, வேனின் கம்பி வலைக்குள் யாரோ இருக்கிறார்கள், தெரிகிறது, ஆள் தெரியவில்லை, ஒரு சட்டையின் வெள்ளை மட்டும். பரமசிவம் கேட்டார், ஆளை உள்ளே வரச் சொல்லவா மேடம். அவள், நேரமில்லை என்றாள். அப்படித்தானே? அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை, நேரமில்லாதது ஒரு காரணம், கலெக்டர் வந்தது உண்மை, நாட்குறிப்பில் இருக்கும். ஆனால் பரமசிவத்தின் முகத்தை நினைவில் கொண்டுவந்து அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கப் பார்த்தால் அவர் வாய் திறக்கவில்லை. கோப்பை வைத்தார், பக்கத்தைப் புரட்டினார், இடத்தைக் காட்டினார், போனார். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அறுபது கோப்பைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தால் அறுபதுக்கும் ஒரு கேள்வி கேட்கிற மனிதர், இதற்கு மட்டும் ஏன். அவள் அந்த இடத்தைத் தாண்டிவிடப் பார்த்தாள், மனம் முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி அங்கேயே திரும்பத் திரும்ப இழுபட்டது. அதற்கு முந்தைய சித்திரையில் ஒரு நாள் வேனிலிருந்து ஐந்து பேரை அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் லாக்கப் வியர்வை, பீடி, ஒருவன் வாந்தி எடுத்திருந்தான். அவர்கள் போன பிறகு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள், இனிமேல் இந்த ஆட்களை உள்ளே கொண்டுவராதீர்கள் பரமசிவம், சாயங்காலம் வரைக்கும் அறை நாறுகிறது. அவ்வளவுதான். ஒரு வாக்கியம். சொன்னதையே மறந்துவிட்டாள், பரமசிவம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, யாரும் உள்ளே வரவில்லை, வேன் வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டுப் போனது. எத்தனை முறை. மாயழகு ஒருவர்தான் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார்.

கைபேசி அதிர்ந்தது. ஹரிகிருஷ்ணன். கவலையே வேண்டாம் மேடம், ஆவணம் நம் பக்கம், அரசு ஆவணத்தில் இருப்பது நடந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அந்த ஆள் வாயால் சொல்வதைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை என்றார். அவருக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், தட்டுச் சத்தம். ஏழாம் பத்தியை யார் எழுதினார்கள் என்று கேட்டாள். கோப்பில் நேரில் விசாரித்து என்று இருக்கிறதே மேடம், அதை நம் ஜூனியர் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறார், வழக்கமாகச் செய்வதுதான் என்றார். பிறகு, இயல்பாக, கொஞ்சம் கரிசனத்தோடுகூட, "நீங்க படிச்சுப் பாத்துத்தானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார். படிக்காமல் போட்டேன் என்றால், அன்றும் படிக்காமல் போட்டாய் என்றாகிறது. படித்துப் போட்டேன் என்றால் பொய் அவளுடையது. வைத்துவிடட்டுமா மேடம் என்றார் அவர்.

படித்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டதைப் படிக்கவில்லை, சட்டத்தைப் படித்திருக்கிறாள். தாசில்தார் ஆவதற்கு முந்தைய பயிற்சியில் ஓய்வுபெற்ற ஒரு மாவட்ட நீதிபதி வகுப்பெடுத்தார், ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் எந்த உத்தரவும் அவனைக் கேட்காமல் போடக் கூடாது என்றார், அவள் அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள், ஒன்று நீலம் ஒன்று சிவப்பு, தேர்வில் அந்தக் கேள்வி வந்தது, பத்துக்கு ஒன்பது. தெரியாது என்று எந்த வாயால் சொல்வது. சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும், ஏழாம் பத்தி பேசிக்கொள்ளும். சும்மா இருந்தால் பதினோரு மாதத்தில் மாலை, சால்வை, ஓய்வூதியம். வாயைத் திறந்தால் என்னென்ன போகும் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, முதலிலேயே நின்றாள். வீட்டில் கணவரிடம் எதை முதலில் சொல்வது, பொய்யையா நாற்றத்தையா. மாயழகு இரண்டு காகிதக் கோப்பையில் டீயோடு வந்துகொண்டிருந்தார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தளும்பாமல் இருக்க மெல்ல நடந்து. சீனி கம்மியாகப் போடச் சொன்னேன், வயதானவர்களுக்குச் சர்க்கரை இருக்குமே என்றார். குடித்தாள். தொண்டையில் இறங்கிய சூடு மட்டும்தான் அந்த மதியத்தில் அவளுக்கு நிஜமாக இருந்தது.

இரண்டேகாலுக்கு நீதிபதி வந்து உட்கார்ந்து உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். மனுதாரரின் கூற்று இது, எதிர்மனுதாரரின் பதில் இது, ஏழாம் பத்தியில் என்று அவர் சொன்னபோது மங்களேஸ்வரி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியாது. ஹரிகிருஷ்ணன் திரும்பி, உட்காருங்கள் என்று கையால் சைகை செய்தார், உதட்டை மட்டும் அசைத்து மேடம், மேடம் என்றார். நீதிபதி நிமிர்ந்து, என்ன என்று கேட்டார். அவள் இங்கிலீஷில் தொடங்கினாள், சொல் வரவில்லை. தமிழிலேயே சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

"அவரை நான் விசாரிக்கலைங்க. அன்னிக்கு அவரப் பாக்கவே இல்லை. இன்னிக்குத்தான் முதல் தடவை பாக்குறேன்."

ஹரிகிருஷ்ணன் எழுந்து, அதிகாரி மன அழுத்தத்தில் இருக்கிறார், அவகாசம் வேண்டும் என்றார். நீதிபதி அவரைப் பார்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கூப்பிட்டு விசாரிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எல்லா வழியும் அந்தக் கேள்வியில்தான் வந்து சேர்ந்தது, தெரியாது என்றால் இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது, நீதிபதியே அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றுகூடத் தோன்றியது. "தெரியும்" என்றாள். பின்னால் சுவரோரம் யாரோ நகரும் ஓசை. அவள் திரும்பவில்லை, திரும்பாமலே மாயழகு தன்னைப் பார்ப்பது பிடரியில் தெரிந்தது.

உத்தரவு கால் மணி நேரத்தில் முடிந்தது. தெரிந்தே கேட்காமல் விட்டது கடமையைச் செய்கையில் நேர்ந்த பிழை ஆகாது, அதற்குப் பதவி மறைப்பாக நிற்காது, இழப்பீட்டை அதிகாரியே தன் கையிலிருந்து தர வேண்டும், துறை நடவடிக்கை எடுக்க வேண்டும், பொய்யான பதில் மனுவுக்கு அவளும் அதைத் தயாரித்தவர்களும் நான்கு வாரத்தில் தனியே விளக்கம் தர வேண்டும். ஹரிகிருஷ்ணன் அவளைப் பார்க்காமல் கோப்புகளை அடுக்கிக்கொண்டு வெளியேறினார். அவள் தாழ்வாரத்துக்கு வந்து தூணில் கையை ஊன்றி நின்றாள். நிம்மதி வரும் என்று எங்கோ எதிர்பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, அது வரவில்லை, காதுக்குள் ரீங்காரம் மட்டும்.

மாயழகு வந்து எதிரே நின்றார். திட்டுவார் என்று நினைத்தாள், அல்லது நன்றி சொல்லிவிடுவாரோ என்று இன்னும் அதிகமாகப் பயந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. இப்போது அம்மா என்று அழைக்கவும் இல்லை. "அன்னிக்கு உள்ள கூப்பிட்டிருந்தா என்ன கேட்டிருப்பீக?" என்றார். படிவத்தில் உள்ள கேள்வி அவள் நாக்கில் இருந்தது. உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, சொல்ல ஏதாவது இருக்கிறதா. அதைச் சொல்லாமல், "சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் சொன்னார். பஸ் நிலையத்தில் தகராறு நடந்த அன்று அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்ததை, காலை எட்டிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கேதான் இருந்ததை, டீச்சரம்மாவே மதியம் சாப்பாடு போட்டதை, பச்சை நிற டைல்ஸ் இரண்டு உடைந்துபோய் மறுநாள் மாற்றிக் கொடுத்ததை. எங்கும் தடுமாறவில்லை, எங்கும் குரல் உயரவில்லை. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "அந்த டீச்சரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கன்னு சொல்லணும்னு இருந்தேன். வேனுக்குள்ள இருந்த ரெண்டு மணி நேரமும் மறந்துரக் கூடாதுன்னு அந்த நம்பரையே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

நம்பர் என்ன என்று அவள் கேட்டாள். பத்து எண்களையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பிசகாமல் சொன்னார். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.